இருநூற்றுப் பதினான்கு பொட்டலங்கள்

நவம்பர் 3, திங்கள்

இருமல் மருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. பத்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. தன்னை எழுதத் தகுதியான ஒரு கை கிடைக்கட்டும் என்று வரலாறு காத்திருந்ததாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தேழு. ஊசிமலை எஸ்டேட் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர், ரெக்கார்டு கீப்பர், கம்ப்யூட்டர் இலாகாவின் ஏகச் சக்கரவர்த்தி. இலாகாவில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். இருக்கட்டுமே, சக்கரவர்த்தி சக்கரவர்த்திதான்.

அது மருந்தறையில் டானிக் அலமாரிக்குப் பக்கத்தில் வீற்றிருக்கிறது. ஆஸ்பத்திரி வெளியுலகத்தோடு பேசுவது அதன் வழியாகத்தான். கூரையில் ஒரு டிஷ் இருக்கிறது. அது பள்ளத்தாக்கைத் தாண்டி அணைக்கட்டு முகாமின் கோபுரத்தை முறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த டிஷ்ஷின் கம்பி இந்தப் பெட்டியோடு மட்டும்தான் பேச்சு வைத்திருக்கிறது. பெட்டிக்குள் லினக்ஸ், ஐந்து வருஷத்துக்கு முன் நானே போட்டது.

லினக்ஸின் அருமை என்னைப் போன்ற மருந்துக்காரனுக்குத்தான் புரியும். உள்ளே எல்லாமே பொட்டலங்கள். எழுத்தைக் காட்ட ஒரு பொட்டலம், பிரிண்டருக்கு ஒன்று, நெட்டுக்கு ஒன்று. வேண்டியதன் பெயரைத் தட்டினால், இன்டர்நெட்டில் எங்கேயோ இருக்கிற மகா கிடங்கிலிருந்து அது வந்து இறங்கும். தனியாக வராது, தனக்குத் துணை வேண்டிய பொட்டலங்களையும் கையைப் பிடித்துக் கூட்டிவரும். அதேபோல, ஒன்றை வெளியே போகச் சொன்னால் அதை நம்பி நிற்பவையும் கூடவே எழுந்து போய்விடும். குடும்பம் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

இன்று காலை சிறு துப்புரவுப் பணி. டிஸ்க் நிறைந்துவிட்டதென்று மெஷின் முனகியது. பார்த்தால் பைத்தான் என்ற பொட்டலம் இரண்டு இருக்கிறது. ஒன்று மெஷினோடு வந்த பழையது, ஒன்று போன மாதம் நான் இறக்கிய புதியது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு என்று பழையதற்கு ஓய்வு கொடுத்தேன். பிறகு, அனாதையாகிவிட்டதாக மெஷினே காட்டிய சிலவற்றையும் வழியனுப்பினேன். பிறகு, இறக்கிய பொட்டலங்களின் பிரதிகள் கிடக்கும் பரணையும் துடைத்துவிட்டேன். நடுவில் அது ஏதோ நீளமான பட்டியலைப் போட்டு, தொடரலாமா என்று கேட்டது. சக்கரவர்த்திகள் மனுவை முழுதாகப் படிப்பதில்லை. ‘ஒய்’ என்று ஓரெழுத்தில் ஆணை பிறப்பித்தேன். டிஸ்க்கில் இடமான இடம், யானை கட்டலாம்.

மதியம் இரண்டரைக்கு அக்கா மகள் உலகம்மை வந்தாள். இந்த ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர். படித்து முடித்து எட்டு மாதம்தான் ஆகிறது. புதிதாக வந்திருக்கும் கையடக்க ஸ்கேன் கருவியைப் பெட்டியில் செருகினாள். படம் வரவில்லை என்று மெஷினை அணைத்துப் போட்டாள். போட்டதும் திரை கறுத்து, மூலையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. பழகிய படம், பட்டன், மேலே நெட் அடையாளம் ஒன்றுமில்லை.

அதே நேரத்தில் கீழே மலை இறங்கியது. சத்தம் என்றால் ஆயிரம் லாரி ஜல்லியை வானத்திலிருந்து கொட்டியது போல. பன்னிரண்டாம் வளைவில் ரோடே இல்லை என்று ஓடிவந்தவர்கள் சொன்னார்கள். செல்போன் கோபுரத்துக்குப் போகும் கேபிளும் அதோடு போய்விட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விடவில்லை. கடலைத் தூக்கி மலைமேல் கவிழ்த்துவிட்டுப் பாத்திரத்தைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டார்கள்.

நிலவரம்: கீழே போகும் ரோடு இல்லை. போன் இல்லை. நெட் இல்லை. அரிசியும் கரண்டும் உண்டு; கரண்டுக்கு ஜெனரேட்டர். எஸ்டேட் ஆபீஸ், அங்கிருக்கும் கம்ப்யூட்டர், மானேஜர் எல்லாம் சரிவுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாங்கள், தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் எழுபது குடும்பம், வார்டில் நான்கு பேர்.

நான்கு பேரில் மூன்று பேருக்குக் காய்ச்சல். நான்காவது முப்பிடாதி. டீ ஃபாக்டரியில் இலை வாட்டும் பிரிவில் வேலை பார்க்கிறவள், இருபத்துநான்கு வயது, தலைப்பிரசவம். பதினைந்தாம் தேதிவாக்கில் பிறக்கவேண்டும். குழந்தை தலையை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்று காலை அவளைக் கீழே திருநெல்வேலிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஜீப் வாசலில் நிற்கிறது, ரோடுதான் ஆற்றுக்குள் போய்விட்டது.

உட்கார்ந்த குழந்தைக்கு உடம்பு வந்துவிடும், தலை நின்றுவிடும், அந்தச் சில நிமிஷத்தில் கை தெரிந்திருக்கவேண்டும் என்று உலகம்மை சொன்னாள். இப்படிப்பட்ட பிரசவம் இரண்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், தன் கையால் செய்தது ஒன்றுமில்லை. அவசரம் என்றால் வீடியோவில் கூடவே இருந்து சொல்லித்தருவதாகத் திருநெல்வேலி பெரிய டாக்டரம்மா போன வாரமே வாக்குக் கொடுத்திருக்கிறார். வீடியோவுக்கு நெட் வேண்டும். நெட்டுக்கு அந்தப் பெட்டி வேண்டும்.

“நான்தான் மாமா கெடுத்துட்டேன்” என்றாள். “அந்த ஸ்கேனைச் செருகாம இருந்திருக்கலாம். அணைச்சுப் போடாமயாவது இருந்திருக்கலாம்.”

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. அடுக்கடுக்காக ஏழெட்டு. தும்மி முடிப்பதற்குள் அவள் வார்டுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 5, புதன்

மழை. கஞ்சி. அட்டைகள் சமையலறைவரை வந்துவிட்டன.

நவம்பர் 6, வியாழன்

மூன்று நாள் ஆராய்ச்சியின் முடிவை உலகுக்கு அறிவிக்கிறேன். பெட்டி சாகவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் பதில் சொல்கிறது. நோயாளிகளின் விவரமும் பத்திரம். போயிருப்பவை பொட்டலங்கள்தான். திரைக்கானது, பிரிண்டருக்கானது, முக்கியமாக அந்த டிஷ்ஷோடு கைகுலுக்கும் பிபிபி என்ற பொட்டலம்.

போனதைத் திரும்ப வரச்சொன்னால் வந்துவிடும். வருவதற்கு நெட் வேண்டும். நெட் வருவதற்கு அந்தப் பொட்டலம் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கணக்கு. பிரதிகள் கிடக்கும் பரணில் தேடினேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்குக் காட்டுக்குள்ளிருந்து ஒரு சேற்று உருவம் வந்து சேர்ந்தது. மின்சார வாரியத்து லைன்மேன் மாசானம். அணைக்கட்டு முகாமிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் நடந்து, நடுவில் ஓடையைக் கயிறு பிடித்துத் தாண்டி, நாங்கள் உயிரோடிருக்கிறோமா என்று பார்க்க வந்திருக்கிறான். முகாமுக்கும் ரோடு போய்விட்டதாம். நெட்டும் போனும் மட்டும் அங்கே இருக்கின்றனவாம். ஆக, அங்கே இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தால் தீர்ந்தது.

முப்பிடாதியைக் கட்டிலோடு தூக்கிப் போகலாமா என்றும் கேட்டோம். ஓடையைப் பார்த்தவன் அவன், தலையை ஆட்டினான். அவளுக்கு ரத்த அழுத்தமும் கூடியிருக்கிறது, கூடவே கூடாது என்றாள் உலகம்மை. கலெக்டர் ஆபீசுக்கும் பெரிய டாக்டரம்மாவுக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

வேண்டிய பொட்டலத்தின் பெயரை நான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். ஒரே வரி. மாசானம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இம்புட்டுதானா அண்ணாச்சி? ஒரு பக்கம் எழுதினாலும் எனக்கு வெயிட்டு ஒண்ணும் கூடாது. யோசிச்சு எழுதுங்க.”

யோசித்தேன். மெஷின் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தெந்தப் பொட்டலம் வந்தது போனது என்று ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும். அதை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அதில் வேறு சில விவரங்களும் இருக்கின்றன. ஆஸ்பத்திரியின் உள்விவகாரம் அணைக்கட்டு முகாமுக்கு எதற்கு? என் ஞாபகசக்தி போதும். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு தப்பில்லாமல் சொன்னவன் நான்.

நவம்பர் 8, சனி

மாசானம் வந்தான். பென் டிரைவைப் பாலிதீனில் சுற்றி, அதைத் தூக்குச்சட்டியில் வைத்து, சட்டியைத் துண்டால் வயிற்றோடு கட்டியிருந்தான். ராஜகுமாரனைக்கூட இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

கடிதங்களுக்குப் பதில்: மேகம் கலையாமல் ஹெலிகாப்டர் எழும்பாது. ரோடுக்குப் பத்து நாள் ஆகும். லிங்க் வந்தால் எந்த நேரமும் கூப்பிடு, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று பெரிய டாக்டரம்மா முகாமுக்குப் போனில் சொல்லியிருக்கிறார்.

எல்லாரும் மருந்தறைக்கு வந்துவிட்டார்கள். உலகம்மை, ரெஜினா சிஸ்டர், காய்ச்சல்காரர்கள் மூன்று பேர் கம்பளியோடு. முப்பிடாதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். விரலைச் சொடுக்கிவிட்டுப் பொட்டலத்தை உள்ளே விட்டேன்.

ஏற்கவில்லை. இதற்குத் துணையாக லிப்பிகேப் என்று இன்னொரு பொட்டலம் வேண்டும், அது இங்கே இல்லை என்று சொல்லிவிட்டது.

நெட் இருந்திருந்தால் துணையை அதுவே கூட்டிவந்திருக்கும். கையால் கொண்டுவந்தால் துணையையும் நாம்தான் கொண்டுவர வேண்டும். இது எனக்குத் தெரியாதது அல்ல. எனக்கு நினைவில் இல்லாதது.

சீட்டில் அந்தப் பெயரை எழுதினேன். மறுபடியும் ஒரு வரி. மாசானம் கஞ்சி குடித்துவிட்டு, கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டான். போகும்போது சீட்டை மடித்துத் தூக்குச்சட்டிக்குள் வைத்துக்கொண்டான். அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உலகம்மை எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். காய்ச்சல்காரர்களிடம்கூட.

நவம்பர் 9, ஞாயிறு

குளுகோஸ் வந்த அட்டைப்பெட்டியில் வட்டமாக ஓட்டை வெட்டி, துண்டைச் சுருட்டிக் குழந்தை மாதிரி கட்டி, உலகம்மை பழகிக்கொண்டிருக்கிறாள். உடம்பு வெளியே வரும், கையைக் கொடுத்துத் திருப்பி, தோளை விடுவித்து, பிறகு தலை. புத்தகம் பக்கத்தில் விரித்திருக்கிறது. ரெஜினா சிஸ்டர் பக்கம் திருப்பிக் கொடுக்கிறார்.

பதினைந்து முறை செய்தாள். பத்து முறை தலைக்குப் பதிலாகக் கட்டிய முடிச்சு பெட்டியில் மாட்டிக்கொண்டது. அவள் கை நடுங்குவதைக் கதவோரத்தில் நின்று பார்த்தேன். மருந்துப் பாட்டிலில் மூடி போடுகிறவனுக்குக் கை நடுக்கம் என்றால் என்னவென்று தெரியும். இது களைப்பில் வருவது அல்ல.

“நான் தொட்டாலே எதையாவது உடைச்சிருதேன் சிஸ்டர்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டு, நீங்கள் மாமா, நாலு வார்த்தை தைரியமாகப் பேசுங்கள் என்றார். போனேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு எருமையின் பிரசவத்தை ஒற்றைக் கையால் நடத்தி, அந்தக் கன்று பிறந்தவுடன் எனக்கு வணக்கம் சொன்ன கதையைச் சொன்னேன். சிரித்தாள். சிரித்து முடித்ததும் கையைப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் மாத்திரை கொடுக்கப் போனபோது முப்பிடாதி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“அண்ணாச்சி, டாக்டரம்மாவுக்கு என்ன பயம்? அந்தப் பெட்டி கெட்டதுல இருந்து அவங்க முகமே சரியில்ல. பெட்டிக்கே இப்படின்னா என் பிள்ளைக்கு அவங்க கை எப்படிண்ணே நிக்கும்?”

மாத்திரையை வெந்நீரோடு போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

மாசானம் மூன்று மணிக்கு வந்தான். நடந்து வரவில்லை. லயத்து ஆட்கள் இரண்டு பேர் தோள்கொடுத்துக் கொண்டுவந்தார்கள். ஓடையில் கயிறு வழுக்கிப் பாறையில் விழுந்திருக்கிறான். வலது முட்டி தேங்காய் அளவு வீங்கியிருக்கிறது. தூக்குச்சட்டி நசுங்கவில்லை.

லிப்பிகேப்பை உள்ளே விட்டேன். அதற்கு இன்னும் இரண்டு துணை வேண்டுமாம். அந்த இரண்டின் துணைகள் எத்தனையென்று எனக்குத் தெரியாது. ஒரு வரி, ஒரு வரியாகப் போனால் மாசானம் தைப்பொங்கல்வரை நடக்கவேண்டும்.

உலகம்மை கீழே உட்கார்ந்து அவன் முட்டியில் பட்டையைச் சுற்றினாள். “என்னால உங்களுக்கும் அடி அண்ணே” என்றாள்.

அதற்கு அவன், “நீங்க என்னம்மா செஞ்சீய, மழை செஞ்சது” என்றான்.

நான் அலமாரியில் டானிக் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவைதான். இந்த அறையில் ஒரு ஜன்னல், அதற்குக் கம்பி. ஒரு கதவு, அதை அடைத்துக்கொண்டு அவர்கள் இருவரும். இத்தனை வருஷத்தில் இந்த அறை இவ்வளவு சின்னது என்று நான் கவனித்ததில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததும் உலகம்மையை மருந்தறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

“ஏட்டி உலகு, அந்தப் பெட்டியை நீ கெடுக்கல.”

“ஆறுதல் சொல்லாதீய மாமா. போதும்.”

பதிவேட்டைத் திரையில் விரித்தேன். நவம்பர் 3, காலை மணி 9.42. அதற்கடுத்துக் கட்டளை. அதற்கடுத்து, கட்டளையிட்டவர் என்ற இடத்தில் ஆவுடை. பிறகு நீக்கப்பட்டவை என்று ஒரு பட்டியல்; திரை நிறைந்து, உருண்டு, மறுபடி நிறைந்து, மறுபடி உருண்டது. இருநூற்றுப் பதினான்கு. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான் அன்றைக்குப் படிக்காததெல்லாம் அவள் படித்தாள்.

“ஒம்பது நாப்பத்திரெண்டு” என்றாள்.

“ஆமா.”

“நான் தொட்டது ரெண்டரைக்கு.”

“ஆமா. நீ அணைச்சுப் போடுறவரைக்கும் பழைய நினைப்புல ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நீ இல்லன்னா அடுத்தாள் போடும்போது தெரிஞ்சிருக்கும்.”

“உங்களுக்கு எப்பம் தெரியும்?”

ஐந்தாம் தேதி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். “திரை கறுத்த அன்னைக்கே.”

அவள் பட்டியலை மறுபடி மேலே, என் பெயர் உள்ள வரிவரை உருட்டினாள். பிறகு, இந்தப் பட்டியலை முதல் நாளே மாசானத்திடம் கொடுத்திருந்தால் என்று கேட்டாள். ஒரே நடையில் முடிந்திருக்கும் என்றேன். ஏன் கொடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. அந்த வரியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே.

“எட்டு நாள் மாமா” என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் ஏதாவது ஒரு கதை சொல்லித் தப்பித்திருப்பேன்.

பிறகு எழுந்து, இனி யார் போகிறது என்றாள். நான்தான் என்றேன். என் வயிற்றையும் செருப்பையும் பார்த்தாள். சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று மட்டும் சொன்னாள். மாசானம் தன் ரப்பர் பூட்ஸையும் தூக்குச்சட்டியையும் கொடுத்தான். அவனிடமும் உண்மையைச் சொன்னேன். அவன் முட்டியைத் தடவிக்கொண்டே, “முதல்லயே கேட்டேன்லா அண்ணாச்சி” என்றான்.

பட்டியலைப் பென் டிரைவில் ஏற்றினேன். என் பெயர் உள்ள வரியையும் சேர்த்துத்தான்.

நவம்பர் 12, புதன். அணைக்கட்டு முகாம்

நேற்று பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்துவிட்டேன். வழியில் என் ரத்தத்தைக் குடித்த அட்டைகளில் பாதிக்கு இந்நேரம் சர்க்கரை வியாதி வந்திருக்கும். ஓடையை நான் தாண்டிய விதத்தைப் பற்றி ஒரு காவியம் எழுதலாம். எழுதப்போவதில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அழுதுகொண்டே போனேன்.

நான் இதைத் தாண்டினது ஒரு தடவை. மாசானம் அந்த ஒரு வரிச் சீட்டுகளுக்காக எத்தனை தடவை என்று விரல் விட்டுப் பார்த்தேன்.

முகாமில் ஜூனியர் இன்ஜினியர் மைதீன் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே படித்தார். என்னைப் பார்த்தார்.

“இந்த ஆவுடைங்கிறது...”

“நான்தான்.”

அவர் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினார். பட்டியலைக் கொடுத்து ஒரு கட்டளை தட்டினார். இருநூற்றுப் பதினான்கும் வரிசையாக இறங்கின. இருபத்துமூன்று நிமிஷம். டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓடையில் தண்ணீர் ஏறியிருப்பதால் இன்று போகவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்மலையில் எங்கள் ஆஸ்பத்திரிக் கூரை தெரிகிறது. டிஷ்ஷும் தெரிகிறது. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு.

நவம்பர் 13, வியாழன்

வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. முப்பிடாதிக்குக் காலையிலிருந்து இடுப்பு வலி விட்டுவிட்டு வருகிறது என்றார் ரெஜினா சிஸ்டர். கால் கழுவாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

மொத்தத்தையும் ஒரே கட்டளையில் உள்ளே விட்டேன். எது முன், எது பின் என்று மெஷினே பார்த்துக்கொண்டது. ஒன்று இன்னொன்றைக் கூப்பிட, அது வேறொன்றைக் கூப்பிட, வரி வரியாக ஏறின. ஒரு வரிகூடப் பாதியில் நிற்கவில்லை. நான்கு பத்துக்கு நெட் வந்தது. நான்கு இருபதுக்குப் பெரிய டாக்டரம்மாவின் முகம் திரையில் வந்தது. கையில் டிபன் பாக்ஸோடு இருந்தார்.

உலகம்மை நாற்காலியில் உட்கார்ந்து நிலவரம் சொன்னாள். ரத்த அழுத்தம், குழந்தையின் துடிப்பு, வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை. தடுமாறாமல் சொன்னாள். இத்தனை நாள் ஏன் லிங்க் இல்லை என்று கேட்டதற்கு, இங்கே ஒரு தவறு நடந்துவிட்டது என்றாள். யார் என்று சொல்லவில்லை. நான் அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலை ஒன்பதரைக்கு முப்பிடாதியை உள்ளே கொண்டுபோனார்கள். மருந்தறையிலிருந்து கம்பியை இழுத்துப் பிரசவ அறைவரை கொண்டுவந்திருந்தேன். கேமராவைப் பிடிக்க ஆள் வேண்டும். என்னை ஸ்டூலில் ஏற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்கவைத்து, கேமராவை என் தோளுக்கு மேலே பின்னால் பார்க்கிற மாதிரி ரெஜினா சிஸ்டர் கட்டிவிட்டார். ஆக, அந்த அறையில் நடந்ததில் நான் கண்டது ஒரு சுவரும், அதில் ஒரு சுண்ணாம்பு வெடிப்பும்தான். மற்றதெல்லாம் காதால் கேட்டது.

பெரிய டாக்டரம்மா திரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரப்படாதே. இழுக்காதே. அதுவாக வரட்டும். முப்பிடாதி என் குலத்தையும் அவள் புருஷன் குலத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு வந்துவிட்டது என்றார் சிஸ்டர். தோள் வந்துவிட்டது. “இப்பம் பாரும்மா, கையை எங்க வைக்கணும்னா” என்று திரையிலிருந்து குரல் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

திரை என் இடதுபக்கம். ஓரக்கண்ணால் பார்த்தேன். டாக்டரம்மா வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார். மழையில் டிஷ் அசைந்திருக்கும். பொட்டலமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

“நெட் நின்னுட்டு” என்றேன்.

“பேசாதீங்க” என்றாள் உலகம்மை.

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு யாருமே பேசவில்லை. முப்பிடாதிகூட. சுண்ணாம்பு வெடிப்பு மேலேயிருந்து கீழே வந்து, இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்று சேர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் ஸ்டூலைவிட்டு இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. கேமரா என் தோளில் இருக்கிறது. யாரும் பார்க்காத கேமரா.

மூன்று நிமிஷமா, நாலா, தெரியவில்லை. ஈரத்துணியை உதறினாற்போல ஒரு சத்தம். சிஸ்டர் எதையோ உறிஞ்சி எடுக்கும் சத்தம். பிறகு அழுகை. முதலில் குழந்தையுடையது. அப்புறம் முப்பிடாதியுடையது. மூன்றாவது என்னுடையதாக இருக்கலாம்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு.

திரை திரும்ப வந்தபோது பெரிய டாக்டரம்மா என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். உலகம்மை குழந்தையைக் கேமராவுக்குக் காட்டினாள். அதற்குள் என்னைக் கீழே இறக்கியிருந்தார்கள்.

கை கழுவும் இடத்தில் அவள் தனியாக நின்றாள். பாராட்டி ஒரு மகா பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன். ஆரம்பிப்பதற்குள் அவளே பேசினாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல்.

“எட்டு நாள் என் கையை நானே நம்பாம இருந்தேன். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க. அதை எந்தப் பொட்டலத்துல கொண்டுவந்து போடுவீங்க?”

நவம்பர் 15, சனி

மழை விட்டது. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

காலை பத்து மணிக்கு ரோடு திறந்தது. மண்ணை வழித்து ஒரு வண்டி போகிற அகலத்துக்கு விட்டிருக்கிறார்கள். முதல் ஜீப்பில் முப்பிடாதியும் குழந்தையும் போனார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட அவள் புருஷன், வரவேற்கப் பன்னிரண்டாம் வளைவிலேயே மூன்று நாளாகக் காத்திருக்கிறானாம். இரண்டாவது ஜீப்பில் மாசானம், முட்டியைப் படம் எடுக்க. வண்டிக்குள்ளிருந்து கையை ஆட்டினான். லயத்து ஜனம் மொத்தமும் சந்தைக்குப் போகிற உற்சாகத்தில் கீழே இறங்கிவிட்டது. எல்லாரும் வெளியே வந்தாயிற்று.

நானும் வாசல்வரை போனேன். ரோடு பளபளவென்று கீழே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதில் போய்ச்சேர ஓர் இடமும் தோன்றவில்லை. திரும்பி வந்து மருந்தறையில் உட்கார்ந்தேன்.

பதினொன்றரைக்கு உலகம்மை வந்தாள். வாசலுக்கு உள்ளே வரவில்லை.

“கம்பவுண்டர் சார், புறநோயாளிச் சீட்டு ரெடியா?”

வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தான். கோபமாகச் சொல்லவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் கம்பவுண்டர்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி. அவள் தொட்டிலில் கிடந்தபோது நான் முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்த வார்த்தை மாமா என்பது. மூன்றே மாதத்தில் அவள் அதைச் சொல்லிவிட்டதாக ஊர் முழுக்க அளந்திருக்கிறேன். உண்மையில் ஒன்றே கால் வயது.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். எழுந்து நின்றேன்.

“ரெடி டாக்டர். கொண்டுவாரேன்.”

அவள் தலையை அசைத்துவிட்டுப் போனாள். கை நடுக்கமில்லாமல் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே போனாள். நான் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.